அம்மா முட்டி ஆபரேஷன்: ரோபோவுக்கு ஒரு லட்சம் கூட குடுக்கலாமா?

கெடிலக்கரை (கடலூர் ஓ.டி.)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க. அம்மாவுக்கு 66 வயசு, சத்துணவு கூடத்துல சமையல் வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, வலது கால் வளைஞ்சே போச்சு. ராத்திரில வலியால எழுந்து உக்காந்துக்கறாங்க, கடைக்கு போய் ஒரு கிலோ தக்காளி வாங்கிட்டு வர முடியல. சுகர் இருக்கு, மாத்திரைல ஓடுது. வெயிட் 78 கிலோ.

பாண்டில ஒரு தனியார் ஆஸ்பத்திரில காமிச்சோம். எக்ஸ்ரே பாத்துட்டு தேய்மானம் நாலாவது ஸ்டேஜ், அதாவது கடைசி நிலை, முட்டிய மாத்தித்தான் ஆவணும்னு சொல்லிட்டாரு டாக்டர். ஒரு முட்டிக்கு 1,85,000 பேக்கேஜ். அதையே ரோபோ வச்சு பண்ணா 2,80,000. டாக்டர் ஒண்ணும் வற்புறுத்தல, ஆனா வெளிய வந்ததும் பேக்கேஜ் பேசற பொண்ணு "ரோபோன்னா கரெக்டா உக்காரும் சார், ரொம்ப வருஷம் வரும், அம்மா சீக்கிரம் நடப்பாங்க"ன்னு சொல்லிச்சு. இன்னொரு இடத்துல ஆபரேஷனே வேணாம், உங்க ரத்தத்தையே எடுத்து முட்டில ஊசி போட்டா போதும், ஒரு ஊசி 12,000, மூணு ஊசின்னு சொல்றாங்க.

எனக்கு சிப்காட்ல வேலை, கைக்கு வர்றது 24,000. முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கு. ஆனா தங்கச்சி கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வேணவே வேணாம், என் நகைய வச்சிக்கோன்னு நிக்குது. அம்மா என்னடான்னா ஆபரேஷன் ஆனா திருவந்திபுரம் ஹயக்ரீவர் மலைப்படி ஏறிடுவேன், கீழ உக்காந்து பூ கட்டுவேன்னு கனவுல இருக்காங்க.

காசு குடுக்க மாட்டேன்னு இல்ல. குடுக்கற காசுக்கு அம்மாவுக்கு நெசமாவே எதுனா கூட கிடைக்குதான்னு தெரிஞ்சிக்கணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பாகூர் மச்சான்

ப்ரோ தப்பா எடுத்துக்காதீங்க, பெத்த தாய்க்கு போய் கணக்கு பாக்கலாமா. நம்மள வளக்கும்போது அவங்க கணக்கு பாத்தாங்களா. எது பெஸ்டோ அத பண்ணுங்க, கடன அப்பறம் அடைச்சிக்கலாம்.

---

நெல்லிக்குப்பம் மருமக

மச்சான் சார் சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நகைய அடகு வச்சிட்டு மாசாமாசம் வட்டி கட்டறது யாரு? வீட்ல வட்டி பேச்சு வரும்போதெல்லாம் என்னாலதானேன்னு அந்த அம்மா மூலைல உக்காந்து அழுவாங்களே, அத யாரு பாக்கறது?

எங்க மாமியாருக்கு ரெண்டு முட்டியும் ஆச்சு, ஒண்ணு முடிச்சு கொஞ்ச மாசம் விட்டு இன்னொண்ணு. ரோபோ இல்ல, சாதாரண ஆபரேஷன்தான். முத முட்டிக்கு காசெல்லாம் ஆஸ்பத்திரிலயே தீந்துபோச்சு. வீட்டுக்கு வந்தப்புறம் பிசியோவுக்கு ஆள் வைக்க யாருக்கும் மனசு வரல, அவங்களும் வலிக்குதுன்னு காலை மடக்கவே மாட்டேன்னுட்டாங்க. அந்த முட்டி இன்னிக்கும் பாதிதான் மடங்குது. ரெண்டாவதுக்கு முன்னாடியே பேசி பிசியோவ வீட்டுக்கு வர வச்சோம், திட்டிகிட்டே செஞ்சாங்க, இப்போ அந்த கால்தான் நல்ல கால். அதே ஆள், அதே டாக்டர், ரெண்டு கால் ரெண்டு மாதிரி.

அப்பறம் அண்ணா, மலைப்படி ஏறலாம், பிடிச்சிகிட்டு மெதுவா ஏறுவாங்க. ஆனா கீழ சம்மணம் போட்டு உக்கார்றத மறந்துட சொல்லுங்க, எங்க டாக்டர் கூடவே கூடாதுன்னுட்டாரு. ஒரு சில பேரு உக்கார்றாங்கதான், அதுக்குன்னு அத நம்பி போவாதீங்க. வீட்ல இந்தியன் டாய்லெட்னா அத மாத்தற செலவயும் இப்பவே கணக்குல சேத்துக்கோங்க, எங்களுக்கு அது கடைசி நேரத்துல வந்து நின்னுச்சு. பூ கட்டறதுக்கு ஒரு உயரமான ஸ்டூலும் டேபிளும் போதும்.

---

லாஸ்பேட்டை பிசியோ

வணக்கம் சார். நான் பிசியோதெரபிஸ்ட், அதனால என் தொழிலுக்கு சாதகமா பேசறேன்னு நெனச்சா நெனச்சிக்கோங்க.

மொதல்ல அந்த ரத்த ஊசி. அதுக்கு பேரு பிஆர்பி. ஆஸ்திரேலியால 288 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2021-ல வெளியிட்டாங்க. பாதி பேருக்கு பிஆர்பி, பாதி பேருக்கு வெறும் உப்புத்தண்ணி, யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. ஒரு வருஷம் கழிச்சு பாத்தா வலியிலயும் சரி, குருத்தெலும்பு அளவுலயும் சரி, சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல. அதுவும் அது ஆரம்ப, நடு ஸ்டேஜ்ல இருந்தவங்களுக்கு. உங்க அம்மாவுக்கு நாலாவது ஸ்டேஜ். அந்த 36,000-த்த தொடாதீங்க.

இதே மாதிரி முட்டிக்குள்ள ட்யூப் விட்டு கழுவி சுத்தம் பண்றோம்னு ஒண்ணு ரொம்ப நாள் ஓடிட்டு இருந்துச்சு. 2002-ல அமெரிக்கால 180 பேர வச்சு சோதிச்சாங்க. சில பேருக்கு தோல மட்டும் கீறி தையல் போட்டு அனுப்பிட்டாங்க, உள்ள ஒண்ணுமே பண்ணல. அவங்களுக்கும் உள்ள சுத்தம் பண்ணவங்களுக்கும் வலி ஒரே மாதிரிதான் இருந்துச்சு. தேய்மானத்துக்கு யாராவது அத சொன்னாலும் ஒத்துக்காதீங்க.

இப்போ ஆபரேஷன் வேணுமா வேணாமா. டென்மார்க்ல 2015-ல ஒரு நல்ல ஆராய்ச்சி வந்துச்சு, மொத்தம் 100 பேரு, எல்லாரும் முட்டி மாத்தற அளவுக்கு தேய்மானம் இருந்தவங்க. 50 பேருக்கு ஆபரேஷனும் 12 வாரம் பயிற்சியும், மீதி 50 பேருக்கு பயிற்சி, டயட், வலி மாத்திரை மட்டும். வலி, தினசரி நடமாட்டம் எல்லாத்தயும் சேத்து போடற மார்க்ல, ஒரு வருஷம் கழிச்சு 100-க்கு ஆபரேஷன் பண்ணவங்க 32.5 மார்க் முன்னேறி இருந்தாங்க, பண்ணாதவங்க 16. ஆக ஆபரேஷன்தான் நல்லா வேலை செய்யுது, அதுல சந்தேகம் இல்ல. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. பண்ணாத 50 பேர்ல அந்த ஒரு வருஷத்துல ஆபரேஷனுக்கு போனது 13 பேருதான், மத்தவங்க சமாளிச்சாங்க. பெரிய பக்கவிளைவுன்னு எழுதினது ஆபரேஷன் பக்கம் 24, இந்த பக்கம் 6.

உங்க அம்மாவுக்கு கால் வளைஞ்சு, ராத்திரி தூக்கமும் போயிடுச்சுன்னா ஆபரேஷன் பக்கம்தான் நானும் நிப்பேன். ஆனா அடுத்த வாரமே பண்ணியாகணும்னு ஒரு அவசரமும் இல்ல, இது ஹார்ட் அட்டாக் இல்ல. நடுவுல கிடைக்கிற நேரத்துல தொடை தசைய பலப்படுத்தி, கொஞ்சம் வெயிட்ட குறைச்சா ஆபரேஷனுக்கு அப்பறம் எழுந்து நடக்கறது சுலபம். ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல சுமார் நாலு கிலோ பாரம் குறையும். குச்சி புடிக்க வெக்கப்படுவாங்க, ஆனா வலி அதிகமா இருக்கற காலுக்கு எதிர் கையில புடிக்க சொல்லுங்க, நெறைய பேரு அதே பக்கம் புடிக்கறாங்க.

---

கெடிலக்கரை

ரொம்ப நன்றி மேடம். ஊசிய விட்டாச்சு. நெல்லிக்குப்பம் அக்கா, டாய்லெட் விஷயம் யோசிக்கவே இல்ல, எங்க வீட்ல இந்தியன்தான். ரோபோ பத்தி யாருக்காவது தெரியுமா? தங்கச்சி யூடியூப்ல வீடியோவா பாத்து அனுப்பிகிட்டே இருக்கு.

---

கணக்குப்புள்ள (புதுச்சேரி)

நான் டாக்டர் இல்ல. எந்த சிகிச்சைக்கு எவ்வளவு செலவாகுது, அதுல எவ்வளவு பலன்னு கணக்கு போடற துறைல வேலை. பாகூர் மச்சானுக்கு பிடிக்காது, இருந்தாலும் சொல்றேன்.

உலகத்துல நெறைய நாடுகள் இந்த கணக்க வெளிப்படையாவே போடுது. இங்கிலாந்துல நைஸ்னு ஒரு அமைப்பு 1999-லேருந்து இருக்கு. ஒரு புது சிகிச்சை வந்தா, பழசவிட எவ்வளவு கூட செலவு, அதனால நல்ல ஆரோக்கியத்தோட வாழற வருஷம் எவ்வளவு கூடுதுன்னு வகுத்து பாப்பாங்க. ஒரு முழு ஆரோக்கிய வருஷத்துக்கு 20,000லேருந்து 30,000 பவுண்டுக்குள்ள வந்தா சரின்னு ரொம்ப வருஷமா ஒரு அளவு வச்சிருந்தாங்க. நம்ம நாட்லயும் மத்திய சுகாதார ஆராய்ச்சி துறைக்கு கீழ இதே வேலைக்கு ஒரு அமைப்பு இருக்கு. அரசாங்கம் கணக்கு பாத்தா நிர்வாகம், நாம பாத்தா பாசமில்லாதவன், இது என்னங்க நியாயம்?

ஆரோக்கியத்த எப்படி அளக்கறதுன்னு கேப்பீங்க. அஞ்சே கேள்வி. நடக்க முடியுதா, குளிக்க துணி மாத்த முடியுதா, தினசரி வேலை பாக்க முடியுதா, வலி எவ்வளவு, மனசு எப்படி இருக்கு. இந்த அஞ்சு பதிலயும் வச்சு ஒரு மார்க். சாவுக்கு சமம்னா 0, ரொம்ப மோசமான நிலைக்கு அதுக்கும் கீழ போகும். முழு ஆரோக்கியம்னா 1. இந்தியாவுக்குன்னே தனி மார்க் பட்டியல் 2022-ல வந்துச்சு.

சும்மா உதாரணத்துக்கு, இந்த நம்பர் என் கற்பனைதான், உங்க அம்மா இப்போ 0.5-ல இருக்காங்க, ஆபரேஷனுக்கு அப்பறம் 0.7 ஆவுறாங்கன்னு வைங்க. 0.2 கூடுது. 15 வருஷம் அந்த பலன் நின்னா 3 முழு வருஷத்துக்கு சமம். 1,85,000-த்த மூணால வகுத்தா ஒரு நல்ல வருஷம் சுமார் 62,000 ரூபாய்க்கு கிடைக்குது. இது நல்ல விலை. முட்டி மாத்தறது வீண் செலவு இல்ல, யாராவது "வயசானவங்களுக்கு எதுக்கு"ன்னு சொன்னா இத காட்டுங்க. தேசிய பதிவேடுகள வச்சு 2019-ல வந்த ஒரு ஆய்வுல, மாத்தின முட்டிகள்ல சுமார் 82 சதவீதம் 25 வருஷம் வரைக்கும் தாங்குதுன்னு இருக்கு. சாதாரண முட்டிய பத்திதான் சொல்றேன், ரோபோ இல்ல.

இப்போ ரோபோவுக்கு கூட குடுக்கற 95,000. இத தனியா வகுக்கணும், மொத்தத்தோட கலக்கக்கூடாது, பேக்கேஜ் பேசறவங்க கலக்கித்தான் பேசுவாங்க. தென்கொரியால 1,400 பேருக்கு மேல சேத்து பாதி ரோபோ, பாதி சாதாரணம்னு பிரிச்சு, பத்து வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்து 2020-ல வெளியிட்டாங்க. வலி, நடை, முட்டி தளர்றது, மறுபடி ஆபரேஷன், எதுலயும் வித்தியாசம் இல்ல. எக்ஸ்ரேல கோணம் ரோபோல கொஞ்சம் துல்லியமா விழும், ஆனா மனுஷன் நடக்கறது எக்ஸ்ரேல இல்லயே. நியாயமா ஒண்ணு சொல்லணும், அவங்க பயன்படுத்தினது பழைய மாடல் ரோபோ. இப்ப இருக்கற மெஷினுங்க வேற, அதுக்கு பத்து வருஷ கணக்கு வர இன்னும் நாளாகும். அது வர்ற வரைக்கும் "ரொம்ப வருஷம் வரும்"னு யாரும் சொல்ல முடியாது, வந்தா பாக்கலாம். பலன்ல வித்தியாசம் பூஜ்யம்னா 95,000-த்த எதால வகுப்பீங்க?

அடுத்தது யாரும் உங்ககிட்ட சொல்லாதது. உங்க கையில அட்டை இருக்கு, அஞ்சு லட்சம் வரைக்கும். தமிழ்நாட்ல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல அந்த அட்டைலயே முட்டி மாத்தறாங்க. ஆக உங்க ஒப்பீடு சாதாரணமா ரோபோவான்னு மட்டும் இல்ல, 1,85,000-மா கிட்டத்தட்ட சும்மாவான்னு. வித்தியாசம் காத்திருக்கறதுதான். எட்டு மாசம் காத்திருக்கணும்னே வைங்க, அந்த 0.2 கணக்குல இழக்கறது சுமார் ஒண்ணரை மாச முழு ஆரோக்கியத்துக்கு சமம். அதுக்கு 1,85,000 குடுக்கறது வொர்த்தான்னு நீங்கதான் சொல்லணும். உங்க தங்கச்சிக்கு வொர்த்தா இருக்கலாம், அதுல தப்பே இல்ல, ஆனா கேள்வி அதுன்னு தெரிஞ்சு பதில் சொல்லட்டும்.

---

பாகூர் மச்சான்

சரி ஒத்துக்கறேன், ரோபோ வேணாம். ஆனா ராத்திரி அம்மா வலில முனகறத பக்கத்து ரூம்ல படுத்து எட்டு மாசம் கேட்டுட்டு இருக்கறவனுக்கு 0.2-ன்னு வராது சார். அந்த அஞ்சு கேள்வில மகன பத்தி கேள்வியே இல்லயே.

---

கணக்குப்புள்ள (புதுச்சேரி)

நியாயமான அடி. கூட இருக்கறவங்க படற பாட்ட இந்த கணக்கு சரியா பிடிக்கறதில்ல, எங்க துறைலயே பல வருஷமா சண்டை. கவனிச்சிக்கறவங்க இழப்பையும் சேக்கணும்னு ஒரு கோஷ்டி, சேத்தா குடும்பம் இல்லாதவங்களுக்கு அநியாயம்னு இன்னொரு கோஷ்டி.

---

ரிட்டயர்டு சிஸ்டர்

தம்பி, நான் எலும்பு வார்டுல பல வருஷம் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. நாலு விஷயம் சொல்றேன், கேட்டுக்கப்பா.

முட்டிக்குள்ள வைக்கற இம்ப்ளான்டுக்கு கவர்மெண்ட் விலை உச்சவரம்பு வச்சிருக்கு. 2017 ஆகஸ்ட்ல வந்துச்சு. சாதாரணமா எல்லாரும் வைக்கற கோபால்ட் குரோமியம் முட்டி அதுக்கு முன்னாடி சராசரியா 1,58,000-க்கு மேல எம்ஆர்பி போட்டு வித்துட்டு இருந்தாங்க, அத 54,720-ன்னு கொண்டு வந்தாங்க. டைட்டானியம் மாதிரி ஸ்பெஷல் வகை 76,600. வரி தனி. அதுக்கப்பறம் கொஞ்சம் முன்ன பின்ன மாறியிருக்கும், ஆனா ஒரு முட்டி இம்ப்ளான்டே ஒண்ணரை லட்சம்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடு. பில்லுல இம்ப்ளான்ட தனி வரியா கம்பெனி பேர், மாடலோட போட சொல்லு, டப்பால இருக்கற ஸ்டிக்கர கேஸ் ஷீட்டுல ஒட்டி அதுக்கு ஒரு காப்பியும் வாங்கிக்கோ. நாளைக்கு திரும்ப ஆபரேஷன்னு வந்தா உள்ள என்ன இருக்குன்னு தெரியணும்ல. கோல்டு முட்டின்னு கூட ஒண்ணு சொல்லுவாங்க, தங்கம் இல்லப்பா, மேல ஒரு கோட்டிங். மெட்டல் அலர்ஜி இருந்தா ஒழிய அம்மாவுக்கு அவசியம் இல்ல.

ரெண்டு முட்டியும் ஒரே நாள்ல பண்ணா செலவு மிச்சம்னு சொல்லுவாங்க. மிச்சம்தான். ஒரே மயக்க மருந்து, ஒரே அட்மிஷன். ஆனா சுகர், வயசு, வெயிட் எல்லாம் சேந்தா இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஆபத்து ஜாஸ்தி. அந்த மிச்சத்துக்கு ஆசைப்படாதே. வளைஞ்ச காலை மொதல்ல பண்ணு, ஒண்ணு சரியானா இன்னொண்ணு வலியே குறைஞ்சு தள்ளிப்போட்டவங்களையும் பாத்திருக்கேன்.

சுகர கட்டுக்கு கொண்டுவராம டேபிள்ல ஏத்தாதே. மாத்தின முட்டில கிருமி புடிச்சா அத எடுத்துட்டு, மாசக்கணக்குல ஆன்டிபயாடிக் போட்டு, திரும்ப வைக்கணும். நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும், ஆனா வந்த வீட்ட நான் பாத்திருக்கேன், மொத ஆபரேஷன் செலவெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. மூணு மாச சுகர் டெஸ்ட், பல்லுல சொத்தை இருந்தா அது, மூத்திரத்துல கிருமி, காலுல புண்ணு, எல்லாத்தயும் முன்னாடியே பாத்துடு. பெரும்பாலும் ஜி.ஹெச்-லயே முடிஞ்சிடும்.

கடைசியா ஒண்ணு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சும் அஞ்சுல ஒருத்தர் வரைக்கும் திருப்தி இல்லன்னுதான் சொல்றாங்க. அதுல பல பேருக்கு முட்டி நல்லாத்தான் இருக்கும், எதிர்பாத்தது வேற. அம்மாகிட்ட கீழ உக்கார்ற கனவ இப்பவே பேசி முடிச்சிடு.

---

கெடிலக்கரை

சிஸ்டர், கணக்குப்புள்ள சார், மேடம், அக்கா எல்லாருக்கும் கும்பிடறேன். மச்சான், நீங்க சொன்னதும் மனசுல இருக்கு, அந்த முனகல் சத்தம் எனக்கும் தெரியும்.

நேத்து ராத்திரி தங்கச்சிய உக்கார வச்சு இத எல்லாம் படிச்சு காமிச்சேன். ரோபோ போச்சு. அவ இன்னும் அரசு ஆஸ்பத்திரிக்கு சரின்னு சொல்லல, ஆனா காத்திருப்பு எவ்வளவுன்னு நேர்ல கேட்டுட்டு வான்னு சொல்லிட்டா. மொதல்ல சிதம்பரம் மெடிக்கல் காலேஜ்லயும் முண்டியம்பாக்கத்துல இருக்கற விழுப்புரம் மெடிக்கல் காலேஜ்லயும் விசாரிக்கலாம்னு இருக்கேன். ரெண்டு மூணு மாசம்னா அட்டைல பண்ணிக்கறோம். ஒரு வருஷத்துக்கு மேலன்னா தனியார்ல ஒரு முட்டி மட்டும், சாதாரண பேக்கேஜ். எப்படி பண்ணாலும் வாரத்துக்கு மூணு தடவன்னு மூணு மாசம் பிசியோவுக்கு தனியா எடுத்து வைக்கணும், இங்க வீட்டுக்கு வர 500 கேக்கறாங்க, 18,000 வருது. டாய்லெட்டுக்கு கொத்தனார வர சொல்லியிருக்கேன்.

அம்மாகிட்ட கீழ உக்கார்ற விஷயத்த சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல. அப்பறம் "ராத்திரி தூங்கினா போதும்டா"ன்னுட்டாங்க.

ஒரு சந்தேகம். பாண்டில இருக்கற மத்திய அரசு ஆஸ்பத்திரி ஜிப்மருக்கும் ஒரு தடவ போய் பாக்கலாமா, இல்ல அலைச்சல் மட்டும்தானா? இந்த அட்டைய அங்க எடுத்துப்பாங்களா?

---

லாஸ்பேட்டை பிசியோ

போகலாம் சார், கூட்டம் இருக்கும், காலைல சீக்கிரம் வந்துடுங்க. அட்டை விஷயத்த அங்க காப்பீட்டு கவுண்டர்லயே கேளுங்க, வாய்வழி கேட்டு நம்பாதீங்க. எங்க போனாலும் ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை மூணும், பழைய மாத்திரை சீட்டு எல்லாமும் கையில இருக்கட்டும். எக்ஸ்ரே அம்மா நின்னுகிட்டு எடுத்ததான்னு பாருங்க, படுத்து எடுத்தது இதுக்கு உதவாது, திரும்ப எடுக்க சொல்லுவாங்க. எம்ஆர்ஐ யாராவது எழுதி குடுத்தா எதுக்குன்னு கேளுங்க, இந்த ஸ்டேஜ்ல பெரும்பாலும் தேவைப்படாது, அந்த காசுல பிசியோ பல நாளைக்கு ஓடும்.

---

பாகூர் மச்சான்

தம்பி, ஜிப்மர் போற நாள் சொல்லுங்க. எங்க அப்பாவுக்கும் அங்க செக்கப் இருக்கு, ஆட்டோ ஒண்ணா பிடிச்சிக்கலாம். அம்மாவ பஸ்ல ஏத்தி இறக்காதீங்க.